தட்டுப்பாட்டு நாளில் தடுப்பூசி: மாற்றுத்திறனாளிகள் என்ன கேட்கலாம், எப்படிக் கேட்கலாம்?

2021-இல் கொரோனா தடுப்பூசிக்காக ஊரே அலைந்த மாதங்களைப் பற்றி மாற்றுத்திறனாளி வாசகர்களும் அவர்களைப் பராமரிப்பவர்களும் அனுப்பிய கேள்விகளில் சில இங்கே. நாளை வேறொரு நோய் வந்து வேறொரு மருந்து போதாமல் போனாலும் இதே கேள்விகள்தான் எழும். அதனால் அன்று நடந்ததோடு இனி செய்ய வேண்டியதையும் சேர்த்தே பதில் எழுதியிருக்கிறோம்.

கேள்வி: என் மகனுக்கு மூளை முடக்குவாதம். 2021-இல் அவனுக்கு 22 வயது. முகக்கவசம் போட்டால் மூச்சுத் திணறும். குளிப்பாட்ட, சாப்பாடு ஊட்ட ஆள் வேண்டும். ஆனாலும் வயது போதாது என்று திருப்பி அனுப்பினார்கள். "முதியவர்களுக்கு முதலில் போடுவதுதானே நியாயம்?" என்று கேட்டவர்களுக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை.
— ஒரு தாய், தேனி

முதியவர்களுக்கு முதலில் போட்டது சரி. கொரோனாவில் இறக்கும் அபாயம் வயதோடு ஏறியது. வயதை மட்டுமே அளவுகோலாக வைத்ததில்தான் பிழை.

இந்தியாவில் 2021 ஜனவரி 16-இல் மருத்துவப் பணியாளர்களுக்கும், மார்ச் 1 முதல் 60 வயதைக் கடந்தவர்களுக்கும், 45 முதல் 59 வயதுக்குள் இணைநோய் உள்ளவர்களுக்கும் ஊசி போடப்பட்டது. இணைநோய்கள் எவை என்று 20 வரிகள் கொண்ட பட்டியல் ஒன்று வந்தது. அதன் கடைசி வரியில் அறிவுசார் குறைபாடு, தசைச்சிதைவு, சுவாச உறுப்பைப் பாதித்த அமில வீச்சு, அதிக ஆதரவு தேவைப்படும் நிலை, பார்வையும் செவியும் சேர்ந்து இழந்தவர் உள்ளிட்ட பல்வகைக் குறைபாடு எல்லாம் இருந்தன. அதாவது உங்கள் மகனைப் போன்றவர்களுக்கு அபாயம் அதிகம் என்று அரசே ஒப்புக்கொண்டிருந்தது. ஆனால் அந்த வரி 45 வயதுக்கு மேல்தான் செல்லும். 22 வயதுக்காரருக்கு மே 1-இல்தான் கதவு திறந்தது. அப்போது இரண்டாம் அலை உச்சத்தில் இருந்தது, 18-44 பிரிவுக்கு ஊசியும் போதவில்லை. தமிழ்நாட்டில் அந்தப் பிரிவுக்குள் முன்னுரிமைக் குழுக்களைக் குறித்தபோது மாற்றுத்திறனாளிகளும் சேர்க்கப்பட்டார்கள். நல்ல முடிவு, ஆனால் பிந்தி வந்தது.

இங்கிலாந்தின் எண்கள் இதை இன்னும் தெளிவாகக் காட்டும். அறிவுசார் குறைபாடு உள்ளவர்களின் கொரோனா இறப்புகளை அந்நாட்டுப் பொதுச் சுகாதாரத் துறை ஆராய்ந்து 2020 நவம்பரில் அறிக்கை வெளியிட்டது. 18 முதல் 34 வயதுக்குள் இருந்தவர்களில், அந்தக் குறைபாடு உள்ளவர்களின் இறப்பு விகிதம் மற்றவர்களைப் போல 30 மடங்கு. அப்படியிருந்தும் முதல் முன்னுரிமைப் பட்டியலில் டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களுக்கும், கடுமையான குறைபாடு உள்ளவர்களுக்கும் மட்டுமே இடம் கிடைத்தது. 2021 பிப்ரவரி 24-இல்தான், குடும்ப மருத்துவரின் அறிவுசார் குறைபாட்டுப் பதிவேட்டில் உள்ள அனைவரையும் ஆறாவது குழுவில் சேர்க்கும்படி தடுப்பூசி நிபுணர் குழு பரிந்துரைத்தது. பதிவேடு ஏற்கெனவே கையில் இருந்ததால் பரிந்துரை வந்ததும் ஆட்களை அழைக்க முடிந்தது.

இரண்டு கோரிக்கைகளைப் பிரித்துக் கேட்க வேண்டும். ஒன்று, நோய் அபாயம் அதிகம் என்பதால் கேட்கும் முன்னுரிமை. இது எல்லா மாற்றுத்திறனாளிக்கும் பொருந்தாது. காது கேளாத, வேறு நோய் எதுவும் இல்லாத 25 வயது இளைஞருக்குக் கொரோனாவால் வரும் ஆபத்து அவர் வயதையொத்தவர்களுடையதுதான். மற்றது, முறை வந்ததும் ஊசி தன் கைக்கு எட்ட வேண்டும் என்ற உரிமை. இது அந்த இளைஞருக்கும் உண்டு, எல்லோருக்கும் உண்டு. இரண்டையும் குழப்பிக் கேட்டால், "எல்லாருக்கும் எப்படி முன்னுரிமை தர முடியும்?" என்ற ஒரே பதிலில் இரண்டையும் தட்டிக்கழித்துவிடுவார்கள்.

உங்கள் மகன் விஷயத்தில் மூன்றாவது கோரிக்கையும் உண்டு. அவருக்குச் சோறூட்டும் உங்களால் தள்ளி நிற்க முடியாது. பராமரிப்பவருக்கும் அதே நாளில் ஊசி வேண்டும் என்று மனுவிலேயே எழுதுங்கள். 2021 மார்ச் பட்டியலில் பராமரிப்பவர்களுக்கு இடமே இல்லை. அது பெரிய ஓட்டை.

கேள்வி: இதற்கெல்லாம் சட்டத்தில் இடம் இருக்கிறதா, அல்லது கருணையாகத்தான் கேட்க வேண்டுமா?
— கல்லூரி மாணவர், திருநெல்வேலி

சட்டத்தில் இடம் இருக்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016-இன் மூன்று பிரிவுகளை மனப்பாடமாக வைத்துக்கொள்ளுங்கள்.

பிரிவு 3: பாகுபாடு கூடாது, நியாயமான வசதிகளை அரசு உறுதிசெய்ய வேண்டும். பிரிவு 25: அரசு, தனியார் மருத்துவமனைகள் தடையற்றவையாக இருக்க வேண்டும், கவனிப்பிலும் சிகிச்சையிலும் மாற்றுத்திறனாளிக்கு முன்னுரிமை தர வேண்டும். மையத்துக்குள் நுழைந்தபின் வரிசையில் காக்க வைக்காதே என்று கேட்க இது போதும். ஆனால் மாநில அளவில் எந்தக் குழுவுக்கு முதலில் ஊசி என்ற கேள்விக்கு இதை மட்டும் நம்பக்கூடாது. அங்கே உதவுவது பிரிவு 8: பேரிடர் போன்ற ஆபத்துச் சூழல்களில் மாற்றுத்திறனாளிகளுக்குச் சமமான பாதுகாப்பு.

பிரிவு 8-இன் மூன்றாம் உட்பிரிவை அதிகம் பேர் கவனிப்பதில்லை. மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையம் தன் மாவட்டத்தில் உள்ள மாற்றுத்திறனாளிகளின் விவரப் பதிவேட்டைப் பராமரிக்க வேண்டும், ஆபத்துச் சூழல் வந்தால் அவர்களுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று அது கட்டளையிடுகிறது. "செய்யலாம்" என்று இல்லை, "செய்ய வேண்டும்" என்றே இருக்கிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 11,79,963 மாற்றுத்திறனாளிகள். அவர்கள் எந்தத் தெருவில் இருக்கிறார்கள் என்பது தடுப்பூசி வந்திறங்கும் முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

கேள்வி: எனக்குப் பார்வை இல்லை. ஸ்கிரீன் ரீடர் (திரையில் உள்ளதை வாசித்துச் சொல்லும் மென்பொருள்) வைத்து எல்லா வேலையும் செய்கிறேன். தடுப்பூசிக்கான கோவின் தளத்தில் மட்டும் முன்பதிவு செய்ய முடியாமல் ஒவ்வொரு முறையும் பக்கத்து வீட்டுப் பையனைக் கூப்பிட வேண்டியிருந்தது.
— ஆசிரியர், சேலம்

குறை உங்களிடம் இல்லை, தளத்தில் இருந்தது. உச்ச நீதிமன்றமே அதைப் பதிவு செய்திருக்கிறது. கொரோனாக் கால அத்தியாவசியப் பொருள் வழங்கல் குறித்துத் தானாக எடுத்த வழக்கில், 2021 மே 31 தேதியிட்ட உத்தரவில் குறைகளைப் பட்டியலிட்டது: பதிவது மனிதர்தானா என்று சோதிக்கும் கேப்சா எழுத்துகளுக்கு ஒலி வடிவம் இல்லை; வயது, ஊசியின் பெயர், கட்டணமா இலவசமா என்று பிரித்துப் பார்க்கும் பொத்தான்களை ஸ்கிரீன் ரீடரால் பயன்படுத்த முடியவில்லை; எத்தனை இடம் காலி என்பது தெரிந்தாலும் எந்த நேரத்துக்கு என்பது தெரியவில்லை; விசைப்பலகை மட்டும் கொண்டு தளத்தில் நகர முடியவில்லை; பதிவை முடிக்கும் முன்பே தானாக வெளியேற்றிவிடாமல் போதிய அவகாசம் தர வேண்டும்.

நேரம் தெரியாமல் போனதற்குக் காரணம் மிக எளியது. அட்டவணையின் தலைப்பு வரிசையைத் தலைப்பு என்று நிரலில் குறித்திருந்தால், ஸ்கிரீன் ரீடர் ஒவ்வொரு கட்டத்துக்கும் அதன் நேரத்தையும் சேர்த்துப் படித்திருக்கும். சில வரிகள் திருத்தும் வேலை அது. ஆனால் சில நிமிடங்களில் இடங்கள் தீர்ந்துபோன காலத்தில், இந்தச் சின்னக் குறை ஒருவரை வரிசையிலிருந்தே வெளியே தள்ளியது.

இனி ஒரு தளம் வந்தால், திறந்த முதல் நாளே சோதித்துப் பார்த்து எழுத்தில் புகார் அனுப்புங்கள். எந்தப் பக்கம், எந்தப் பொத்தான், எந்த ஸ்கிரீன் ரீடர் (என்.வி.டி.ஏ-வா, டாக்பேக்கா), அது என்ன படித்தது என்ற நான்கும் புகாரில் இருக்கட்டும். "தளம் சரியில்லை" என்று பொதுவாக எழுதினால் அது குப்பைக்குத்தான் போகும். கூடவே தொலைபேசிப் பதிவும் நேரடிப் பதிவும் வேண்டும் என்று கேளுங்கள். 18-44 பிரிவுக்கு அரசு மையங்களில் நேரடிப் பதிவு 2021 மே 24-இல்தான் அனுமதிக்கப்பட்டது. அதற்கு முன் இணையம் இல்லாதவர் பிறர் உதவியை நம்பித்தான் பதிவு செய்ய வேண்டியிருந்தது.

கேள்வி: படுக்கையில் இருப்பவர்களுக்கு வீட்டுக்குப் போய் ஊசி போடச் சொல்கிறார்கள். ஒரு குப்பியைத் திறந்தால் பத்துப் பேருக்குப் போட வேண்டும்; மிச்சம் வீணானால் நாங்கள்தான் பதில் சொல்ல வேண்டும். தட்டுப்பாட்டில் இது நடக்கிற காரியமா?
— கிராம சுகாதார செவிலியர், விழுப்புரம் மாவட்டம்

நடக்கும். கணக்கு சரியாகப் போட்டால் ஒரு துளி வீணாகாது. மத்திய அரசே 2021 மே இறுதியில் முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வீட்டருகு மையங்களுக்கான வழிகாட்டுதலையும், செப்டம்பரில் நடமாட முடியாதவர்களுக்கு வீட்டிலேயே ஊசி போடும் அனுமதியையும் தந்தது.

கோவிஷீல்டையே எடுத்துக்கொள்வோம். குப்பியில் 5 மி.லி., ஒருவருக்கு 0.5 மி.லி., ஆகப் பத்துப் பேர். திறந்த பின் 4 மணி நேரம், அதாவது 240 நிமிடம். ஊசி போட்டபின் 30 நிமிடக் கண்காணிப்பு. ஒரு வீட்டில் விவரம் கேட்டு ஊசி போட 10 நிமிடம், கண்காணிப்பு 30, அடுத்த வீட்டுக்குப் போக 15; ஆக 55 நிமிடம். ஒரே குழு, வீட்டுக்கு ஒருவர் என்றால் முதல் ஊசி 0-ஆவது நிமிடத்தில், ஐந்தாவது ஊசி 220-ஆவது நிமிடத்தில். ஆறாவது வீட்டுக்குப் போகும்போது குப்பியின் நேரம் முடிந்திருக்கும். பாதி மருந்து வீண். வீட்டு ஊசிக்கு அதிகாரிகள் தயங்குவது இந்தக் கணக்கைப் பார்த்துத்தான்.

இப்போது அதே வீட்டில் பராமரிப்பவருக்கும் சேர்த்துப் போடுங்கள். இருவரையும் ஒரே நேரத்தில் கண்காணிக்கலாம் என்பதால் கூடுதல் நேரம் அநேகமாக இல்லை. ஐந்து வீடு, பத்து ஊசி, குப்பி காலி. பராமரிப்பவரைச் சேர்க்கச் சொல்வதற்கு இதைவிட நல்ல நிர்வாகக் காரணம் கிடையாது.

வீடுகள் தள்ளித் தள்ளி இருந்தால் கண்காணிப்புக்கென்று ஒருவரைக் கூடுதலாக அழைத்துச் செல்லுங்கள். ஊசி போடுபவர் அடுத்த வீட்டுக்கு நகரலாம், கண்காணிப்பவர் பின்தங்கி வரலாம். அடிக்கடி தவறுவது வேறு இடங்களில்: குப்பியைத் திறந்த நேரத்தை லேபிளில் எழுதாமல் விடுவது, ஐஸ் பேக்கை உறைபெட்டியிலிருந்து எடுத்த கையோடு கேரியரில் வைத்து மருந்தை உறைய விடுவது. பேக் வியர்த்து, குலுக்கினால் உள்ளே தண்ணீர்ச் சத்தம் கேட்ட பிறகே அடுக்க வேண்டும். கோவிஷீல்டு உறைந்தால் போடத் தகுதியற்றது. கடும் ஒவ்வாமைக்குப் போடும் அட்ரினலின் ஆம்பூலின் காலாவதித் தேதியைக் கிளம்பும் முன் பாருங்கள். வீட்டுப் பட்டியலின் கடைசியில் இரண்டு மாற்று வீடுகளும் இருக்கட்டும். காய்ச்சல் என்று ஒருவர் விலகினால் உடனே அடுத்தவரை அழைக்கலாம்.

ஆகஸ்ட் 2021 முதல் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு தேடிப் போகும் பணியாளர்களிடம் படுக்கையில் இருப்பவர்களின் பட்டியல் இருக்கும். முதல் பட்டியலை அங்கிருந்து தொடங்குங்கள்.

கேள்வி: தசைச்சிதைவால் என் தம்பியின் தோளில் சதையே இல்லை. ஹீமோபிலியா (ரத்தம் எளிதில் உறையாத நோய்) உள்ள உறவினர் ஒருவரும் இருக்கிறார். இருவருக்கும் ஊசி போட செவிலியர் பயப்படுகிறார்.
— வாசகி, ஈரோடு

தோள் தசை மெலிந்திருந்தால் தொடையின் முன்-வெளிப்புறத்தில், நடுப்பகுதியில் போடலாம். நோய்க்காக அதிக அளவு ஸ்டீராய்டு எடுப்பவர் என்றால், போடப்போவது உயிருள்ள நுண்ணுயிரி கொண்ட தடுப்பூசியா என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அந்த வகையை அவர்களுக்குத் தவிர்ப்பார்கள்.

ஹீமோபிலியாவில் உறைகாரணி ஏற்றிய சிறிது நேரத்திலேயே ஊசி அமையும்படி நாளைக் குறிக்க வேண்டும். 23 கேஜ் அல்லது அதைவிட மெல்லிய ஊசி. போட்ட இடத்தைத் தேய்க்காமல் குறைந்தது 2 நிமிடம் அழுத்திப் பிடிக்க வேண்டும். தேய்த்தால் உள்ளே ரத்தம் கட்டக்கூடும்.

வலிப்பு மருந்து எடுப்பவர்கள், மையத்தில் நேரமாகும் என்று ஒரு வேளை மாத்திரையை விட்டுவிடுகிறார்கள். அது ஊசியைவிடப் பெரிய ஆபத்து. மாத்திரை பையில் இருக்கட்டும்.

கேள்வி: சக்கர நாற்காலியில் போனேன். மையம் பள்ளிக்கூடத்தில், மூன்று படி ஏற வேண்டும். பலகை போட்டு ஏற்றப் பார்த்தார்கள், பின்னால் சாய்ந்துவிட்டேன்.
— வாசகர், தூத்துக்குடி

ஒரு படி 15 செ.மீ. என்றால் மூன்றுக்கு 45 செ.மீ. உயரம். சாய்தளத்துக்கு 1:12 விகிதம் வேண்டும், அதாவது 5.4 மீட்டர் நீளம். ஒன்றரை மீட்டர் பலகையில் நாற்காலி கவிழத்தான் செய்யும். தற்காலிக மையத்தில் இதற்கு நேரம் இருக்காது. மேசையையும் செவிலியரையும் கீழே தரையில் பந்தலடியில் உட்காரச் சொல்லுங்கள், அல்லது வண்டியிலிருந்தபடியே போட்டுக்கொள்ளுங்கள். போகும் முன் தொலைபேசியில் கழிவறை பற்றியும் கேளுங்கள். காத்திருப்பும் கண்காணிப்பும் சேர்ந்தால் இரண்டு மணி நேரம் கூட ஆகும்.

கேள்வி: காது கேட்காது. பெயர் சொல்லிக் கூப்பிட்டது தெரியாமல் என் முறை போய்விட்டது.
— வாசகர், மதுரை

டோக்கன் எண்ணைப் பலகையில் எழுதிக் காட்டச் சொல்வது உங்கள் உரிமை. முகக்கவசத்தால் உதட்டசைவு மறைந்துவிடும். ஆகவே ஒவ்வாமை உண்டா, எந்த மருந்து எடுக்கிறீர்கள், இது எத்தனையாவது ஊசி என்பதை ஒரு தாளில் முன்பே எழுதி எடுத்துச் செல்லுங்கள். உங்களுக்குத் தெரிய வேண்டிய பின்விளைவு எச்சரிக்கைகளையும் எழுதித் தரச் சொல்லுங்கள்.

கேள்வி: மகளுக்கு டவுன் சிண்ட்ரோம், 19 வயது. பாதுகாவலர் சான்றிதழ் இல்லாமல் ஊசி போட முடியாது என்றார்கள். சரிதானா?
— ஒரு தந்தை, தஞ்சாவூர்

18 வயது முடிந்ததும் பெற்றோர் தானாகப் பாதுகாவலர் ஆகிவிடுவதில்லை என்பது உண்மை. தேசிய அறக்கட்டளைச் சட்டம், 1999-இன் கீழ் ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கு உள்ளூர்க் குழு வழியாகப் பாதுகாவலரை நியமிக்கலாம். ஆனால் கொரோனாத் தடுப்பூசிக்கு அந்தச் சான்றிதழ் நிபந்தனையாக இருந்ததில்லை.

முதலில் மகளிடமே சொல்லுங்கள்: எங்கே குத்துவார்கள், எவ்வளவு நேரம் வலிக்கும், பிறகு என்ன. மையத்தின் படத்தை முன்தினமே காட்டுங்கள். காலை முதல் ஆளாகப் போனால் கூட்டமும் இரைச்சலும் குறைவு. அப்போதும் மறுத்தால் நாலு பேர் பிடித்து அமுக்க வேண்டாம். அன்று திரும்பி வந்து இன்னொரு நாள் போங்கள். யாரையும் கட்டாயப்படுத்தி ஊசி போட முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2022 மே 2-இல் ஜேக்கப் புலியேல் வழக்கில் தீர்ப்பளித்தது. அந்த உரிமை உங்கள் மகளுக்கும் உண்டு.

கேள்வி: எனக்கு 30 சதவீதம்தான். யூடிஐடி அட்டையும் (மாற்றுத்திறனாளிக்கான தனி அடையாள அட்டை) வரவில்லை. நான் இதையெல்லாம் கேட்க முடியாதா?
— வாசகர், கடலூர்

கேட்கலாம். 40 சதவீதம் என்பது இடஒதுக்கீடு போன்ற குறிப்பிட்ட சலுகைகளுக்கான வரம்பு. பிரிவு 3, 8, 25 ஆகியவை "மாற்றுத்திறனாளி" என்று மட்டுமே சொல்கின்றன. தேர்வில் எழுத்தர் உதவி கேட்ட விகாஷ் குமார் வழக்கில், நியாயமான வசதி பெற 40 சதவீதம் தேவையில்லை என்று 2021 பிப்ரவரி 11-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது. இருந்தாலும் அட்டைக்கு இப்போதே விண்ணப்பியுங்கள். 2021-இல் கோவின் பதிவுக்கான அடையாள ஆவணங்களில் யூடிஐடி பின்னால்தான் சேர்க்கப்பட்டது; அடுத்த முறை முதலிலேயே கேட்கப்படலாம்.

கேள்வி: மறுத்தால் யாரிடம் போவது? மனுவில் என்ன எழுதுவது?
— மாற்றுத்திறனாளிகள் சங்க உறுப்பினர், கரூர்

முதலில் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவ அலுவலருக்கு ஒரு பக்க மனு. நகல்கள் மாவட்ட சுகாதார அலுவலருக்கும், மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலருக்கும், ஆட்சியருக்கும். ஆட்சியரே மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் தலைவர் என்பதால் அவருக்குப் போகும் நகலில் பிரிவு 8-ஐக் குறிப்பிடுங்கள். திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் கொடுத்தால் ஒப்புகைச் சீட்டு வாங்காமல் வராதீர்கள்.

மனுவின் உடல் இவ்வளவு போதும்: "எனக்கு (குறைபாட்டின் பெயர்) உள்ளது. (தேதி) அன்று (மையம்) சென்றபோது (நடந்தது, ஒரே வரியில்). மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016 பிரிவு 3, 8, 25-இன்படி (தேதி)-க்குள் எனக்கும் என்னைப் பராமரிப்பவருக்கும் (வீட்டில் / தரைத்தளத்தில் / முதல் நேரத்தில்) தடுப்பூசி போட ஏற்பாடு செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன். மறுத்தால் காரணத்தை எழுத்தில் தரவும்." கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். வாயால் மறுப்பவர்கள் எழுத்தில் மறுக்கத் தயங்குவார்கள்.

பதில் இல்லையென்றால் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையர். ஆட்களை வரவழைக்கவும் ஆவணங்களைக் கேட்கவும் அவருக்கு உரிமையியல் நீதிமன்றத்துக்குரிய அதிகாரம் உண்டு. அவர் பரிந்துரை செய்தால் துறை மூன்று மாதத்துக்குள் நடவடிக்கை எடுக்க வேண்டும். நோய் பரவும்போது மூன்று மாதம் என்பது மிக நீண்ட காலம். அதனால் தாமதமானால் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு. அதற்கு வழக்கறிஞர் கட்டணம் தடையாக வேண்டாம். சட்டப் பணிகள் ஆணையச் சட்டம், 1987-இன் பிரிவு 12-இன்படி மாற்றுத்திறனாளிக்கு, வருமானம் எவ்வளவாக இருந்தாலும், இலவச சட்ட உதவி உண்டு. 15100 என்ற எண்ணில் அழைக்கலாம்.

சங்கமாக இருப்பதால் நீங்கள் இன்னொன்றும் செய்ய முடியும். தட்டுப்பாடு வரும் வரை காத்திருக்காமல், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் 10 ரூபாய் கட்டணத்தில் இன்றே மாவட்ட நிர்வாகத்திடம் கேளுங்கள்: பிரிவு 8(3)-இன்படியான பதிவேடு உள்ளதா, கடைசியாக எந்தத் தேதியில் புதுப்பிக்கப்பட்டது, வட்டாரவாரியாக எத்தனை பெயர்கள், அவர்களில் படுக்கையில் இருப்பவர்கள் எத்தனை பேர். பதில் தர 30 நாள் அவகாசம். தனிநபர்களின் பெயரைக் கேட்காதீர்கள், அதைக் காரணம் காட்டி மொத்தத்தையும் மறுத்துவிடுவார்கள். எண்ணிக்கை வந்ததும் உங்கள் சங்க உறுப்பினர் பட்டியலோடு வட்டாரவாரியாக ஒப்பிட்டு, விடுபட்டவர்களைச் சேர்க்கச் சொல்லி அவரவர் கையெழுத்தோடு மனு கொடுங்கள்.